எழுபதுக்கு அறுபத்தைந்து

ஃபார்கோ, வடக்கு டகோட்டா
ஜனவரி 12, 1992

அன்புள்ள தம்பி லோவெல்,

நான் நலம். முழங்கால் மட்டும் குளிருக்கு முனகுகிறது, நான் அதற்குக் காது கொடுப்பதில்லை. நீ எப்படி இருக்கிறாய்? சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஆரஞ்சு மரத்தடியில் நிற்கும் படம் வந்து சேர்ந்தது. இங்கே கார் கதவு உறைந்துபோய், கெட்டிலில் வெந்நீர் கொண்டுபோய் ஊற்றித் திறக்கிறேன். என் வயிற்றெரிச்சலைக் கிளப்பத்தானே அனுப்பினாய்? கிளம்பிவிட்டது, சந்தோஷமாக இரு.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் தங்க நாணயத்தை விற்கப் போகிறேன். அதேதான், 1911-இல் டென்வர் அச்சுசாலையில் அடித்த பத்து டாலர்.

சர்க்கரை ஆலையில் கொதிகலன் பார்த்த க்ளீட்டஸ் பிராண்ட்டை உனக்கு நினைவிருக்கும். இறகுக் கிரீடம் வைத்த பெண் தலை போட்ட பத்து டாலரில், டென்வரில் அடித்தது மொத்தம் ஆறு வகை. அவரிடம் ஐந்து இருக்கிறது. ஆறாவதான 1911-ஐப் பத்தொன்பது வருடமாகத் தேடுகிறார். தேய்ந்தது கிடைத்தால் வேண்டாம் என்கிறார், தேயாதது குதிரைக் கொம்பு. அப்பா போய் மார்ச்சோடு ஒரு வருடம் ஆகிறது. என் பெட்டியில் கிடப்பதைவிட, ஆசைப்பட்ட மனுஷன் கையில் இருக்கட்டும் என்று தோன்றுகிறது.

க்ளீட்டஸுக்கு என் வார்த்தை போதும். ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்னைப் போலவே நாணயக் கடை வைத்திருக்கும் வெண்டல் க்ரூஸுக்கு வாய் சும்மா இருக்காது. ஆர்டிஸ் சொந்த வீட்டுச் சரக்குக்குப் பாசத்தால் மார்க் போடுகிறாள் என்பான். அதனால் நாணயத்தைத் தரம் பார்க்கச் சொல்லி உங்கள் கம்பெனிக்கே அனுப்புகிறேன். நீங்கள் அந்த அறையில் உட்கார்ந்து எழுபதுக்கு எத்தனை என்று எண் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து அனுப்புங்கள். நான் இப்போதே சொல்லிவிடுகிறேன், அறுபத்தைந்து.

என் கடைச் சுவரில் தொங்கும் பலகை உனக்குத் தெரியும். 'இங்கே வாங்கியது எதுவானாலும் எப்போது வேண்டுமானாலும் திருப்பித் தரலாம்.' இருபத்திரண்டு வருடத்தில் ஒருவரும் திருப்பியதில்லை. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
ஆர்டிஸ்

*

சாக்ரமெண்டோ, கலிபோர்னியா
பிப்ரவரி 3, 1992

அன்பு அக்காவுக்கு,

நான் சுகம். உன் முழங்காலுக்குக் கொஞ்சம் காது கொடு, டாக்டரிடம் போ. படியில் பனி சேர்ந்தால் நீயே மண்வாரியைத் தூக்காதே.

நாணயத்தைப் பற்றி எழுதியிருந்தாய். விற்கத்தான் வேண்டுமா அக்கா? அப்பா ஞாபகமாக வீட்டில் இருப்பது அது ஒன்றுதான். க்ளீட்டஸ் நல்லவர்தான். டென்வர் ஏலத்தில் வேறொரு 1911 வருவதாகப் பேச்சு இருக்கிறது. வேண்டுமானால் நானே அவருக்கு விசாரித்துத் தருகிறேன்.

அனுப்பத்தான் போகிறாய் என்றால், எப்போது அனுப்புகிறாய் என்று எனக்குச் சொல்லாதே. எங்கள் அறையில் மூன்று பேர் தனித்தனியாகப் பார்ப்போம். யாருடைய நாணயம் என்று எங்களுக்குத் தெரியாது. ஒருவர் போட்ட எண் அடுத்தவருக்கும் தெரியாது. முன்பே பழக்கமான நாணயம் மேசைக்கு வந்துவிட்டால், "இது எனக்குத் தெரிஞ்சது" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போக வேண்டும், வேறொருவர் வந்து உட்காருவார். அதைப் பற்றி நல்லதோ கெட்டதோ ஒரு வார்த்தை பேசக் கூடாது, உள்ளேயும் கூடாது, வெளியேயும் கூடாது. பேசினால் நாற்காலி போய்விடும்.

இன்னொன்று. அனுப்புவதற்கு முன் ஒரு முறை அசிட்டோனில் முக்கி எடுத்துவிடு. பழைய காகித உறையில் இருந்தது, பிசுக்கு இருக்கும். தங்கத்துக்கு ஒன்றும் ஆகாது.

நாணயத்துப் பெண்ணின் கன்னத்தைக் கடைசியாக எப்போது லென்ஸ் வைத்துப் பார்த்தாய்?

அன்புடன்,
லோவெல்

*

ஃபார்கோ
பிப்ரவரி 21, 1992

என் அருமைத் தம்பிக்கு,

முழங்கால் சௌக்கியம், டாக்டரும் சௌக்கியம், நான் அவரிடம் போகாததால் இருவருக்கும் நிம்மதி. உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? உன் கடிதத்தைப் படித்தால் காய்ச்சலில் எழுதியது மாதிரி இருக்கிறது.

அசிட்டோனாம்! நகச்சாயம் அழிக்கும் தண்ணீரில் அப்பாவின் நாணயத்துக்குக் குளியலா? எண்பது வருடமாக யார் கையும் படாத தோல் அது. பின்பக்கத்தில் எழுந்து நிற்கும் கழுகின் தோளில், இறகு இறகாக மினுமினுப்பு அப்படியே ஓடுகிறது. அதைப் போய்க் கழுவு என்கிறாய். வாடிக்கையாளர் யாராவது என்னிடம் இப்படிச் சொல்லியிருந்தால் கடையை விட்டு வெளியே அனுப்பியிருப்பேன்.

உன் நோய் என்னவென்று எனக்குத் தெரியும். நீ எப்போதும் அதற்கு அறுபத்துமூன்றுதான் போடுவாய். நான் அறுபத்தைந்து என்பேன். சாப்பாட்டு மேசையில் நாம் சண்டை போட, அப்பா நடுவில் உட்கார்ந்து உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டிருப்பார். இப்போது உன் சொந்த ஆட்களே அறுபத்தைந்து போட்டுவிட்டால் உன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வாய் என்று பயப்படுகிறாய். பயப்படு.

கன்னத்தை எப்போது பார்த்தேன் என்று கேட்டிருந்தாய். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தேவாலயத்திலிருந்து வந்ததும் எடுத்துப் பார்க்கிறேன். கன்னம் குழந்தைக் கன்னம் மாதிரி இருக்கிறது.

தேதி சொல்லாதே என்றாய், சொல்லவில்லை. ஆனால் இந்த ஞாயிறு பார்ப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. புரிந்துகொள்.

இப்படிக்கு,
உன்னைவிடக் கூர்மையான கண் உடைய அக்கா

*

சாக்ரமெண்டோ
மார்ச் 14, 1992

அன்பு அக்கா,

நலமா? இங்கே மழை. எனக்குப் போன வாரம் வயிறு சரியில்லை, இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. இப்போது பரவாயில்லை.

அப்பாவின் நினைவு நாளன்று கல்லறைக்குப் போனாயா? பனியை விலக்கிவிட்டுத்தான் பூ வைத்திருப்பாய். என் பெயரிலும் ஒன்று வைத்தாயா என்று கேட்க நினைத்தேன். கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை, நான்தான் வரவில்லையே.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

லோவெல்

*

ஃபார்கோ
ஏப்ரல் 9, 1992

என் தோற்றுப்போன தம்பிக்கு, ஜெயித்த அக்கா எழுதிக்கொள்வது,

வயிறு எப்படி இருக்கிறது? இந்தக் கடிதம் படித்ததும் மறுபடி கலங்கும், மருந்தைப் பக்கத்தில் வைத்துக்கொள். உன் பெயரிலும் பூ வைத்தேன். உரிமை கிரிமை என்று பெரிய வார்த்தையெல்லாம் வேண்டாம்.

அறுபத்தைந்து!

அந்தப் பெட்டியை முன்பக்கம் பின்பக்கம் திருப்பிப் பார்த்து, எண்ணை வாய்விட்டுப் படித்தேன். கடையில் இருந்த தபால்காரர் எனக்கு லாட்டரி விழுந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்.

க்ளீட்டஸை வரச் சொன்னேன். சவரம் செய்து, கோட்டுப் போட்டுக்கொண்டு, பெண் பார்க்க வருகிறவர் மாதிரி வந்தார். லென்ஸை நீட்டினேன், வாங்கவில்லை. "நீ பாத்துட்டேல்ல ஆர்டிஸம்மா, அது போதும். நான் இதப் பாக்கணும், சோதிக்க வேணாம்" என்றார். பிறகு அரை மணி நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றார். கண் கலங்கியதைக் காட்டிக்கொள்ளாமல், தெருவில் போகும் லாரியைத் திட்டினார். இந்த வியாபாரத்தில் இப்படி ஒரு மத்தியானம் கிடைப்பதற்குத்தான் மற்ற நாளெல்லாம் ஒற்றை டாலர்களை உறையில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

வியாழக்கிழமை எங்கள் நாணயச் சேகரிப்பாளர் சங்கக் கூட்டத்தில் ஆறையும் வரிசையாக வைத்துக் காட்டினார். தேவாலயத்தின் கீழறையில் அன்றைக்கு நாற்காலி போதவில்லை. வெண்டல் க்ரூஸ் லென்ஸை வைத்துக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான். ஒன்றும் கிடைக்கவில்லை. கேக்கை இரண்டு துண்டு அதிகமாகத் தின்றுவிட்டுப் போனான்.

நீ அறுபத்தைந்து என்று ஒரு முறை எழுதி அனுப்பு. சட்டம் போட்டுக் கடையில் மாட்டப் போகிறேன்.

அன்புடன்,
ஆர்டிஸ்

*

சாக்ரமெண்டோ
ஜூலை 5, 1992

அன்பு அக்கா,

இரண்டு கடிதம் எழுதிவிட்டாய், நான் பதில் போடவில்லை. மன்னித்துக்கொள். தலைக்கு மேல் வேலை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, தூக்கம் மட்டும் குறைவு. உன் தக்காளிச் செடிகள் காய்த்தனவா?

வாழ்த்துகள். நீ கேட்டபடி எழுதுகிறேன், அறுபத்தைந்து.

க்ளீட்டஸ் நாணயத்தை வங்கிப் பெட்டகத்தில் வைத்திருக்கிறாரா, வீட்டிலா? வெயில் படுகிற இடத்தில் வைக்க வேண்டாம் என்று சொல். அதன் மேல் ஏதாவது மங்கலாக, மூச்சு விட்ட கண்ணாடி மாதிரி தெரிகிறதா என்று கேட்டுப் பார். சும்மாதான் கேட்கிறேன். சில பெட்டிகளில் அப்படி வருவதுண்டு.

லோவெல்

*

ஃபார்கோ
ஆகஸ்ட் 27, 1992

தம்பி லோவெல்,

நீ சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே சௌக்கியம் இல்லை.

நாணயத்தின் கன்னத்தில் வெள்ளையாக ஒரு கோடு பூத்திருக்கிறது. கடுகு நீளம்கூட இல்லை, ஆனால் பார்த்துவிட்டால் பிறகு அதைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. க்ளீட்டஸ் ஜூலையிலேயே பார்த்திருக்கிறார். என் மனம் நோகும் என்று மூன்று வாரம் யாரிடமும் சொல்லாமல் மென்று முழுங்கியிருக்கிறார். இந்த மாதக் கூட்டத்தில் வெண்டல் அதைப் பார்த்துவிட்டான்.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அப்பன் கார் பட்டறை வச்சிருந்தான். மக தங்கத்துக்கே பட்டி பாத்துட்டா." கூட்டம் சிரித்தது, லோவெல். எல்லாரும் இல்லை, ஆனால் போதுமான பேர் சிரித்தார்கள். நசுங்கிய காருக்குப் பூசுகிற பட்டியை நாணயக் கீறலில் அடைத்தால் நாளாக ஆக இப்படித்தான் வெளுக்கும். அப்படி அடைத்து விற்கிற நாணய வைத்தியர்களை நான் எப்படியெல்லாம் திட்டியிருக்கிறேன் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அவ்வளவு ருசியாகச் சிரித்தார்கள்.

மறுநாள் காலை க்ளீட்டஸ் வீட்டுக்குப் போய், கொடுத்ததை முழுசாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு நாணயத்தை வாங்கி வந்தேன். அவர் வேண்டாம் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பலகையில் எழுதியிருக்கிறதே, நான் என்ன செய்ய? இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. ஆறாவது இடத்தில் அவர் வெறும் அட்டையை வைத்திருக்கிறார். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

நான் அதைத் தொடவில்லை. அப்பா அப்படிச் செய்கிற ஆள் இல்லை. அப்படியானால் அது பெட்டிக்குள் அடைக்கும்போது உங்கள் இடத்தில் நடந்ததுதான். பரிசோதிக்கச் சொல்லி நாணயத்தை அனுப்பிவிட்டேன். யார் என்று கண்டுபிடி. என் பெயரை நான் இந்தக் கையால் சம்பாதித்தேன். ஒரு வெள்ளைக் கோட்டுக்கு அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆர்டிஸ்

*

ஃபார்கோ
செப்டம்பர் 24, 1992

லோவெல்,

நலம் விசாரிக்கும் மனநிலை இல்லை. போன கடிதத்துக்கு உன் பதிலும் இல்லை.

உன் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அசிட்டோனில் போட்டதும் பட்டி கரைந்ததாம், கீழே ஊசியால் இழுத்தது மாதிரி ஒரு கீறலாம். பெட்டியில் அடைப்பதற்கு வெகு முன்பே போட்ட பட்டியாம். இனி எண் கிடையாது, கெடுத்த நாணயம் என்று மட்டும்தான் எழுதுவார்களாம். ஏமாந்தது தங்கள் தவறு என்று ஈடு தருவதாகவும் எழுதியிருக்கிறார்கள்.

கடைசியில் இன்னொரு வரி இருக்கிறது. மார்ச்சில் அந்த நாணயம் மேசைக்கு வந்தபோது, 'தெரிந்தது' என்று ஒருவர் எழுந்து போனாராம். அது நீதான். எழுந்து போனது முறை, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் எழுந்து போக வேண்டுமானால் முதலில் பார்த்திருக்க வேண்டும். மற்ற மூன்று பேருக்குத் தெரியாத எதை நீ பார்த்தாய்?

உன் கடிதங்களையெல்லாம் எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். பிப்ரவரியில் கன்னத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். அசிட்டோனில் முக்கச் சொல்லியிருக்கிறாய். ஜூலை ஐந்தாம் தேதி மங்கலாகத் தெரிகிறதா என்று கேட்கிறாய். க்ளீட்டஸ்கூட அப்போது அதைப் பார்த்திருக்கவில்லை.

அப்பா மேல் பழி விழுகிறது. என் மேல் விழுகிறது. நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் சொல். அது உன் வேலையா?

ஆர்டிஸ்

*

சாக்ரமெண்டோ
அக்டோபர் 3, 1992

அக்கா,

ஆமாம். நான்தான்.

1990 கிறிஸ்துமஸ். நீ கடையில் இருந்தாய். அப்பா உள் அறையில் மூச்சுக் குழாயோடு படுத்திருந்தார். நாணயத்தை எடுத்துச் சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். கன்னத்தில் ஒரு நூல் துணுக்கு ஒட்டியிருந்தது. அது மட்டும் இல்லாவிட்டால் இது அறுபத்தைந்துதான் என்று அன்றைக்கு முதல் முறையாக எனக்குத் தோன்றியது. நீ சொன்னதுதான் சரி. சாயங்காலம் உன் முன்னால் அதை ஒப்புக்கொண்டு உன்னைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று நினைத்தேன்.

நாணயத்தின் முகத்தைத் தொடாதே, அதன் மேல் குனிந்து பேசாதே, எதையும் சுரண்டாதே என்று புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுக்கிறவன் நான். அந்தத் துணுக்கை எடுக்க அப்பாவின் கருவிப் பெட்டியிலிருந்து ஊசியை எடுத்தேன். ஒரு எண்ணுக்கு ஆசைப்பட்டு இந்தத் தொழிலில் இருக்கிறவன்தான் இப்படி ஒரு மடத்தனம் செய்வான், வேறு யாரும் தங்கத்தை ஊசியால் தொட மாட்டார்கள். அப்பா உள்ளேயிருந்து கூப்பிட்டார். கை இழுத்துவிட்டது.

உடனே உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். அவர் அப்போது மூச்சுக்கே கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் இருந்தது இரண்டு அருமையான பொருள், ஒன்று நீ, இன்னொன்று அந்த நாணயம். அதில் ஒன்றை நான் கெடுத்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பட்டறையில் பழைய பட்டி டப்பா இருந்தது. பல்குத்தும் குச்சியின் முனையில் எடுத்து, நிறம் கலந்து அடைத்தேன். இரண்டு மணி நேரம் ஆனது. மார்ச்சில் மூன்று நல்ல கண்கள் ஏமாந்ததற்கு அவர்கள் மேல் தப்பில்லை. நாங்கள் எதைத் தேடுவோம் என்று தெரிந்தவன் போட்ட பட்டி அது.

அந்த நாணயம் மேசைக்கு வந்ததும் எழுந்து போய்விட்டேன். சட்டப்படி சரி. அந்தச் சட்டத்துக்குள் ஒளிந்துகொண்டேன் என்பதுதான் உண்மை. வாசலில் நின்றுகொண்டு, யாராவது கண்டுபிடித்துவிட மாட்டார்களா என்று வேண்டிக்கொண்டேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. உன் கடிதம் அறுபத்தைந்து என்று துள்ளிக்கொண்டு வந்தபோது அதை முழுதாகப் படிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. உன்னை ஊர் சிரிக்க விட்டேன். அப்பாவையும் சேர்த்து. அதற்கு மன்னிப்புக் கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

இன்று காலை எங்கள் அறைத் தலைவர் ரோஸ்கோவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "எந்திரிச்சுப் போனது முறைதான். அதச் சொல்லித் தப்பிச்சுக்கலாம். தப்பிக்கப் போறியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். லென்ஸை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். இனி எந்த அறையிலும் எனக்கு நாற்காலி கிடைக்காது.

இத்துடன் சங்கத்துக்கு ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். படிப்பதும் கிழிப்பதும் உன் விருப்பம்.

லோவெல்

*

ஃபார்கோ
நவம்பர் 8, 1992

தம்பி லோவெல்,

நான் நலம். நீ சாப்பிடுகிறாயா? இந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு ஒரு மாதம் ஆகியிருக்கிறது. நடுவில் நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். நான்கிலும் நலம் விசாரிப்பு இல்லை, திட்டு மட்டும்தான் இருந்தது. இரண்டில் எழுத்துப் பிழைகூட இருந்தது, அவ்வளவு கோபம்.

வியாழக்கிழமை சங்கத்தில் உன் பக்கத்தைப் படித்தேன். உன்னைக் காப்பாற்ற ஒரு வார்த்தையை விடவில்லை, உன்னைக் குத்த ஒரு வார்த்தையைச் சேர்க்கவும் இல்லை. குரல் நடுங்காமல் முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். அப்பா ஒன்றும் செய்யவில்லை என்ற வரியை மட்டும் இரண்டு தடவை படித்தேன். பிறகு வெண்டலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "பட்டி என் தம்பி போட்டது. ஆனா ஒரு வருஷம் ஞாயித்துக்கெழம தவறாம அது என் கையில இருந்துச்சு. நான் பாக்கல. அது என் தப்பு, அத நான் யார் தலையிலயும் கட்டல."

நிஜம்தான், லோவெல். வேறு எவனுடைய நாணயமாவது இருந்தால் பத்து விநாடியில் பிடித்திருப்பேன். இதைக் கையில் எடுத்தால் எனக்கு அப்பா ஞாபகம் வரும், கண் கலங்கும், திரும்ப வைத்துவிடுவேன். கலங்கின கண்ணை வைத்துக்கொண்டு, உன்னைவிடக் கூர்மையான கண் என்று உனக்கே எழுதியிருக்கிறேன்.

வெண்டல் எழுந்து எல்லோருக்கும் காபி ஊற்றப் போய்விட்டான். இதுவரை அந்தச் சங்கத்தில் அவன் யாருக்கும் காபி ஊற்றியதில்லை.

கம்பெனி தருவதாகச் சொன்ன ஈட்டை வேண்டாம் என்று எழுதிவிட்டேன். பட்டி நம் வீட்டுச் சரக்கு, அதற்கு அவர்கள் எதற்குக் கொடுக்க வேண்டும்? கூட்டத்துக்கு மறுநாள் கடையைத் திறந்தபோது வாசலில் ஏழு பேர் நின்றார்கள். திருப்பித் தர வந்தவர்கள் என்றுதான் நினைத்தேன். ஒருவர் மறைந்த அண்ணனின் சேகரிப்பைக் கொண்டு வந்திருந்தார், என்னைப் பார்த்து விலை சொல்லச் சொன்னார். மற்றவர்கள் வாங்க வந்தவர்கள். என் பெயர் பத்திரமாக இருக்கிறது. அதை ஆட்டிப் பார்த்தார்கள், ஆடவில்லை.

உன்னிடம் கோபம் தீரவில்லை. வசந்தம் வரை இருக்கும் என்று நினைக்கிறேன். நீ கீறினதற்குக் கோபமில்லை. ஊசியை எடுத்த ஆசை எனக்கும் புரியும், எனக்கும் கை அரித்திருக்கிறது. சொல்லாமல் இருந்ததற்குத்தான் கோபம். மூன்று வார்த்தை எழுதியிருந்தால் நான் அதை விற்றே இருக்க மாட்டேன், அந்தக் கிழவரின் ஆறாவது இடம் காலியாகியிருக்காது.

அவரைப் பற்றித்தான் இப்போது எழுத வேண்டும். கூட்டம் முடிந்ததும் க்ளீட்டஸ் என் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். நாணயம் இப்போது எங்கே என்று கேட்டார். பெட்டி இல்லாமல், எண் இல்லாமல், கழுவின முகத்தோடு என்னிடம்தான் இருக்கிறது என்றேன். "அப்போ எனக்கே குடுத்துரு ஆர்டிஸம்மா. நம்பர நான் கேக்கவே இல்லையே. கீறல் இருந்தா என்ன, எனக்கும்தான் மூஞ்சில இருக்கு" என்றார். கொதிகலன் வெடித்து நெற்றியில் விழுந்த தழும்பைக் காட்டினார்.

சரி என்றேன். ஆனால் நான் கொடுக்கப் போவதில்லை.

டிசம்பர் மூன்று வியாழக்கிழமை கூட்டம். நீ புறப்பட்டு வா. எல்லோர் முன்னாலும் வேண்டாம், உன் பக்கத்தைத்தான் நான் படித்துவிட்டேனே. மத்தியானமே அவர் வீட்டுக்குப் போ. நாணயத்தை விளிம்பைப் பிடித்து எடுத்து, அவர் உள்ளங்கையில் வை. கன்னத்தைக் காட்டி, "இது நான் போட்ட கீறல்" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல். அவர் என்ன சொன்னாலும் நின்று கேட்டுக்கொள்.

அதை முடித்துவிட்டு வீட்டுக்கு வா. உனக்கும் சேர்த்துச் சமைத்து வைத்திருப்பேன்.

உன் அக்கா,
ஆர்டிஸ்